குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் கிருமி: 'டிரான்ஸ்லொகேஷன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைகளின் பெற்றோருக்காக நாங்கள் எழுதிவரும் கையேட்டில் 'பாக்டீரியல் டிரான்ஸ்லொகேஷன்' என்ற சொல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தேன். பரிந்துரைகள் மளமளவென்று வந்துவிட்டன, நன்றி. அவற்றை எடுத்துப் பேசுவதற்கு முன்னால், சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதிச் சண்டை அதில்தான் இருக்கிறது.

குடலின் உட்பக்கத்தில், சாப்பாடு போகும் வழிக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நடுவே முக்கியத் தடுப்பாக இருப்பது ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள். மேலே வழவழப்பான சளிப்பூச்சு, அணுக்களுக்கு இடையே இறுக்கமான பிணைப்பு. இந்த அணுக்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவதுதான் கீமோ மருந்துகள் பலவற்றின் வேலை என்பதால், புற்றணுவோடு சேர்ந்து இவையும் அடி வாங்குகின்றன. வாயில் வரும் புண்ணைப் பெற்றோர் பார்க்கிறார்கள். அதே மாதிரிப் புண் உள்ளே குடலிலும் இருக்கலாம் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் 'கவுண்ட்' இறங்கும் (வார்டில் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரும் சொல்லும் சொல் இது). நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய்விடும். அப்போது குடலில் வழக்கமாகக் குடியிருக்கிற ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டெரோகாக்கஸ், சில சமயம் கேண்டிடா பூஞ்சை என எதுவும் ரத்தத்துக்குள் போய்விடலாம்.

1979-ல் ராட்னி பெர்க் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். குடலில் இயல்பாக வாழும் கிருமிகள் உயிரோடு குடற்சுவரைக் கடந்து நிணநீர்க் கணுக்களுக்கும் பிற உறுப்புகளுக்கும் போவது. பின்னால் பொருள் விரிந்தது. செத்த கிருமியின் சிதிலங்களும் அகநச்சும் (சில கிருமிகளின் வெளியுறையில் இருக்கும் நச்சுப்பொருள்) கடப்பதையும் இதே சொல்லால் குறிக்கத் தொடங்கினார்கள். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் இப்படிக் குடலிலிருந்து வந்த அகநச்சு மிகுந்திருப்பதை 2006-ல் காட்டியபோதும் அதே சொல்தான். ஆகவே நம் சொல் 'கிருமி' என்பதைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கக் கூடாது. கடப்பது எது என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ள இடம் வேண்டும்.

இனி பரிந்துரைகள்.

> 'இடப்பெயர்ச்சி' போதுமே, அகராதியில் இருக்கிறது.

இருக்கிறது ஐயா, அதுதான் சிக்கல். குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், தமிழிலும் இடப்பெயர்ச்சி என்றுதான் எழுதுகிறோம். வேறு நோயாக இருந்தால் பரவாயில்லை என்று விடலாம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் 12, 21 ஆகிய குரோமோசோம்களின் இடப்பெயர்ச்சி அடிக்கடி காணப்படுவது, பெரும்பாலும் நல்ல அறிகுறி. 9-க்கும் 22-க்கும் நடப்பது அப்படி அல்ல. ஒரே குழந்தையின் கோப்பில் முதல் பக்கத்தில் ஓர் இடப்பெயர்ச்சியும் பத்தாம் பக்கத்தில் வேறோர் இடப்பெயர்ச்சியும் இருந்தால் பெற்றோர் என்ன புரிந்துகொள்வார்கள்? 'இடம்பெயர்வு' என்று சற்றே மாற்றலாம் என்றார் இன்னொருவர். ஈழத்து வாசகருக்கு அந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

> ஊடுருவல். கச்சிதமாக இருக்கிறது.

கச்சிதம்தான், ஆனால் அதை வேறொன்றுக்கு வைத்திருக்க வேண்டும். டைஃபாய்டு கிருமி வெளியிலிருந்து தண்ணீரிலோ உணவிலோ வருகிறது. குடற்சுவரைத் தானே துளைத்து ரத்தத்துக்குப் போவதுதான் அதன் போக்கு. அதனால்தான் டைஃபாய்டை உறுதிசெய்ய மலத்தைவிட ரத்தக் கல்ச்சரை (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) நம்புகிறோம். ஷிகெல்லாவும் சுவருக்குள் புகுந்து சீதபேதியை உண்டாக்கும், ஆனால் ரத்தம் வரை போவது குறைவு. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில், மலேரியாவும் ஊட்டச்சத்துக் குறைவும் உள்ள சின்னக் குழந்தைகளுக்கு டைஃபாய்டு அல்லாத சால்மோனெல்லாவே ரத்தத்தில் ஏறி உயிரை எடுக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் நாலு நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும் கிருமி அது. இவையெல்லாம் ஊடுருவல். சுவரை உடைக்கும் கருவியோடு வருகிற கிருமி வேறு, சுவர் பழுதானதால் அந்தப் பக்கம் போய்விட்ட கிருமி வேறு.

> குடல் கசிவு என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். குடலை வெட்டி ஒட்டும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல் விட்டு ஒழுகுவதை அறுவை மருத்துவர்கள் கசிவு என்கிறார்கள். போதாக்குறைக்கு, 'கசியும் குடல்' என்று பெயர் வைத்து யூடியூபில் மூட்டுவலி முதல் முடி உதிர்வு வரைக்கும் பொடி விற்கிறார்கள். அந்தக் கூட்டத்தோடு நம் கையேடு போய் உட்கார வேண்டாம்.

புடைபெயர்ச்சி: இலக்கண உரைகளில் வரும் அழகான சொல், எனக்கும் பிடிக்கும். கையேட்டுக்கு ஆகாது.

குடற்கடப்பு: கிட்டே வந்துவிட்டோம். ஆனால் இது உணவு குடலைக் கடந்து போவதையும் குறிக்கும். சாப்பிட்டது எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகிறது என்று அளக்கும் சோதனைக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம். நமக்கு வேண்டியது நெடுக்கே போவது அல்ல, குறுக்கே போவது.

அதனால் என் பரிந்துரை: சுவர்கடப்பு. தேவைப்படும் இடத்தில் குடற்சுவர்கடப்பு, கிருமிச் சுவர்கடப்பு, அகநச்சுச் சுவர்கடப்பு. 'சுவர்கடந்த கிருமி' என்று பெயரெச்சமாகவும் வரும், 'சுவர்கடந்துவிட்டது' என்று வினையாகவும் வரும். பெயராக மட்டும் நின்றுவிடும் கலைச்சொல்லை மருத்துவர் வாயில் வைத்துப் பேசவே முடியாது.

இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்கு வார்டுதான் காரணம். குழந்தைக்குக் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டதும் கல்ச்சர் எடுக்கிறார்கள். நெஞ்சில் போட்டிருக்கும் லைனிலிருந்து (மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய ரத்தக் குழாய்க்குள் விட்டிருக்கும் குழாய்) ஒரு புட்டி, கை நரம்பிலிருந்து ஒரு புட்டி. முடிவுக்குக் காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். மறுநாள் 'கல்ச்சர்ல கிருமி வளர்ந்திருக்கு' என்று செய்தி வருகிறது. உடனே அம்மா கேட்பது: 'நேத்து வெளியில வாங்கின இட்லியாலயா?' அப்பா கேட்பது: 'நர்ஸ் லைனைச் சரியாத் துடைக்கலையா?' இரண்டில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். லைன் புட்டியில் கிருமி, கை நரம்புப் புட்டியைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்தால் லைனைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கவுண்ட் இல்லாத குழந்தைக்கு, வாயெல்லாம் புண்ணாக இருக்கும் நாளில், குடல்வாழ் கிருமி வளர்ந்தால் அது பெரும்பாலும் அந்தக் குழந்தையின் சொந்தக் குடலிலிருந்து வந்ததுதான். யார் கையும் அழுக்கில்லை. இதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். 'ஊடுருவல்' என்று எழுதினால் வெளியாள் யாரோ உள்ளே விட்டதுபோல ஆகிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013-ல் இந்த வகையை லைன் தொற்றுக் கணக்கில் தனியாகக் குறித்துக்கொள்ள வழி செய்தது. கவுண்ட் 500-க்குக் கீழே குறைந்தது இரண்டு நாள் இருந்ததா, வளர்ந்தது குடல்வாழ் கிருமியா என்று பட்டியல் வைத்துப் பார்க்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் லைனைச் சரியாகப் பராமரிக்காத இடத்தில் இதுவே சாக்காகவும் மாறலாம். ஆகவே கையேட்டில் 'சுவர்கடப்பு' என்று எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே லைனைத் தொடும் முன் கை கழுவுவது பற்றியும் எழுதியிருக்கிறோம்.

செப்சிஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'ரத்தத்தில் விஷம் கலத்தல்', 'சீழ்ப்பிடிப்பு' இரண்டும் வேண்டாம். 2016 வரையறைப்படி அது தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் உறுப்புகள் செயலிழப்பது. 2024-ல் வந்த ஃபீனிக்ஸ் அளவுகோல் குழந்தைகளுக்கு மூச்சு, ரத்த ஓட்டம், ரத்தம் உறைதல், மூளை நான்கையும் பார்க்கிறது. விஷமும் இல்லை, சீழும் இருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் புண் பழுத்தாலே 'செப்டிக் ஆயிடுச்சு' என்கிறோம், அது வேறு குழப்பம். தனி இழையில் பேசலாம்.

கையேட்டுக்கு எழுதிப் பார்த்த பத்தி இது:

"உங்கள் குழந்தையின் ரத்தத்தில் வளர்ந்திருப்பது குடலில் எப்போதும் இருக்கும் கிருமி. மருந்தால் குடலின் உட்சுவர் புண்ணாகியிருப்பதால் அது ரத்தத்துக்கு வந்திருக்கிறது. இதைச் சுவர்கடப்பு என்பார்கள். கவுண்ட் ஏறும்வரை ஆசனவாய் வழியாகக் காய்ச்சல் பார்க்கக் கூடாது. மருந்து வைக்கக் கூடாது. எனிமா கொடுக்கக் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி கிடைத்துவிடும்."

கருத்துகளை எழுதுங்கள்.

அன்புடன்,
கையேட்டுக் குழு சார்பில்

---

வணக்கம். நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். சொல் நன்றாக இருக்கிறது அக்கா, ஆனால் ஒரு பயம். 'சுவர்', 'கடந்தது' என்று படித்ததும் பெற்றோர் முதலில் கேட்கப் போவது 'குடல்ல ஓட்டையா?' என்றுதான். டைஃபாய்டில் குடல் ஓட்டையாகி ஆபரேஷன் ஆன கதை ஊருக்கு ஒன்று இருக்கும். 'ஓட்டை விழவில்லை, ஆபரேஷன் தேவையில்லை' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அப்புறம், 'குருதித்தொற்று' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு ஒருவர், ஏற்றின ரத்தத்தில் ஏதோ இருந்ததாக நினைத்துக்கொண்டார். 'குருதியோட்டத் தொற்று' அல்லது நேராக 'ரத்தத்தில் கிருமி' என்றே போடலாம்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சுவர்கடப்புக்கு என் வாக்கு. ஆனால் இந்தச் சொல்லைப் புற்றுநோய் வார்டுக்குள் மட்டும் அடைத்துவிடாதீர்கள். குறைமாதப் பிள்ளைகளின் குடற்சுவர் முதிர்ந்திராது. குடல் அழுகல் நோய் வருவதும், குடற்கிருமி குருதிக்குப் போவதும் அவர்களிடம் அதிகம். தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பதைத் தாய்மாருக்கு விளக்கும்போதும் இதே சொல் உதவும். கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைக்கு, பார்வைக்கு நோய் ஒன்றும் இல்லாவிட்டாலும் அமொக்சிசிலின் கொடுக்கச் சொல்வதன் பின்னணியிலும் இந்த அச்சம் உண்டு. எழுத்து விசயம் ஒன்று: நாங்கள் 'பற்றீரியா' என்றும் நீங்கள் 'பாக்டீரியா' என்றும் எழுதுவோம். கிருமிச் சுவர்கடப்பு என்றால் அந்தத் தகராறும் இல்லை.

---

இருவருக்கும் நன்றி. ஓட்டை பற்றிய வரியைச் சேர்த்தாயிற்று: "குடலில் ஓட்டை விழுந்ததாக இதற்கு அர்த்தம் இல்லை. வயிறு கல்லாக இறுகினாலோ, வீங்கினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ மட்டும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்." தலைப்பு 'ரத்தத்தில் கிருமி' என்றே இருக்கட்டும். குறைமாதக் குழந்தைகளுக்கான பகுதியை யாழ்ப்பாணத்து ஐயா எழுதித் தந்தால் சேர்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது 'மியூகோசைட்டிஸ்' (மருந்தால் வாயிலும் குடலிலும் உட்சுவர் புண்ணாவது). 'வாய்ப்புண்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், மேலே சொன்ன காரணத்தால்.