அம்மாவின் முதுகடியில் சிவப்பு, படுக்கைப்புண்ணா?

கொட்டாஞ்சேனை மகள்:
அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, சீனி வியாதியும் பழையது. பகலில் ஒரு அக்கா வந்து பார்க்கிறார், இரவில் நான்தான். நேற்று துடைக்கும்போது வால் எலும்புக்கு மேலே ரூபாய்க் குற்றி அளவில் சிவந்திருந்தது, தோல் உடையவில்லை. பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அக்கா. செய்யலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
தேய்க்கவே வேண்டாம் மகள், உள்சதை இன்னும் நசியும். விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அது முதல் நிலைப் புண்தான். பக்கம் மாற்றுவதை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று தொடங்குங்கள், முழுதாகப் பக்கவாட்டில் போடாமல் முதுகுக்குப் பின்னால் தலகணி வைத்து 30 பாகை சாய்த்தால் போதும், கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. இழுக்காதீர்கள், விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்குங்கள். இடது கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகிவிடும், அதையும் அக்காவிடம் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அப்பா:
மகனுக்கு முள்ளந்தண்டில் அடி, ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில்தான் இதெல்லாம் பழகினோம். காற்று மெத்தை வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் அது இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். கொழும்பு வெக்கையில் வியர்வை தேங்கும், பம்பர்ஸ் நனைந்ததும் மாற்றுங்கள்.

கொட்டாஞ்சேனை மகள்:
அழுத்தினேன், வெளுக்கவில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
சரி, அப்படியென்றால் இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுங்கள். தோல் உடைந்தாலோ மணம், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போகவேண்டும், சீனி உள்ளவர்களுக்குக் கிருமி வேகமாகப் பரவும். முட்டை, மீன், பருப்பு குறையாமல் கொடுங்கள். இரவில் உதவிக்கு யாரையாவது பிடியுங்கள் மகள், நீங்களும் தூங்க வேண்டும்.