ஐவர்மெக்டின், தடுப்பூசி: விளக்கத் தாளுக்குத் தரவு தேவை

வணக்கம். 'கொரோனாவுக்குப் பழைய மருந்தே போதுமே, தடுப்பூசி எதற்கு?' என்று கேட்பவர்களுக்காக ஒரு பக்க விளக்கம் தயாராகிறது. ஓரிடத்தில் மட்டும் உதவி வேண்டும்.

டெக்சாமெத்தசோன் (ஸ்டீராய்டு வகை பழைய மருந்து) பகுதி முடிந்தது. பிரிட்டனில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த ரெகவரி ஆய்வில் தினமும் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. ஆக, பழைய மருந்தெல்லாம் வீண் என்று எழுதினால் அதுவும் தப்புதான்.

சிக்கல் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தில். 2020 ஆய்வகச் சோதனையில் வைரஸை அடக்கிய செறிவு 5 மைக்ரோமோலார். வழக்கமான டோஸில் (எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்) இரத்தத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிறகு சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது எப்படி? ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் குடற்புழு ஒரு காரணமாக இருக்கலாம். புழு உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடலெங்கும் பெருகி உயிரையே பறிக்கலாம். ஐவர்மெக்டின் அந்தப் புழுவைக் கொல்லும்.

நோயாளிகளைச் சேர்க்கும்போதே இந்தப் புழுவுக்குப் பரிசோதித்த ஐவர்மெக்டின் ஆய்வுகள் தெரிந்தால் சொல்லுங்கள். ஐவர்மெக்டின் பெற்றவர், பெறாதவர் என இரு பிரிவிலும் ஸ்டீராய்டு பெற்றவர் எண்ணிக்கை, இறப்பு எண்ணிக்கை இரண்டும் வேண்டும். சதவீதம் மட்டும் போதாது. திரும்பப் பெறப்பட்ட முன்பதிப்புகள் (நிபுணர் பரிசீலனைக்கு முன்பே வெளியான கட்டுரைகள்) வேண்டாம்.

இன்னொன்று: தடுப்பூசி ஆய்வில் சேர்ந்தவர்கள் சேரும்போது கொரோனா நோய் இல்லாதவர்கள், மருந்து ஆய்வில் சேர்ந்தவர்கள் நோயாளிகள். இரண்டின் சதவீதத்தையும் அருகருகே வைக்காமல் விளக்க எளிய படம் இருந்தால் அனுப்புங்கள்.