புதுப்பிப்பு: நெப்ராஸ்கா மண்வீட்டுப் படங்கள், ஒரு திருத்தத்தோடு

போன வாரம் சாலமன் புட்சர் எடுத்த படங்களைப் பற்றி எழுதியிருந்தேன். 1886 முதல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கஸ்டர் கவுண்டி என்னும் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் குடியேறிகளைப் படம் பிடித்தவர். அந்தக் குடும்பங்கள் நாற்காலி, மேசையெல்லாம் முற்றத்தில் பரப்பி வைத்திருப்பது வசதியைக் காட்டத்தான் என்று சொல்லியிருந்தேன். அது பாதிதான் சரி. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அதனால் படம் எடுப்பதே வெளியில்தான்.

அப்புறம், ஒரு படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கால்நடைகள் நிற்கும் தொழுவத்துப் பக்கம், திறந்த வெளியில் ஒரு ஆர்கன், அதாவது ஆர்மோனியம் போன்ற பெரிய இசைப்பெட்டி. சுற்றிலும் குடும்பம். மண்வீட்டில் இருக்கிறோம் என்று ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது, ஆனால் புது ஆர்கன் வாங்கியது தெரியவேண்டும் என்று அந்த வீட்டு அம்மாள் நினைத்தாராம். அதற்காக அதை வெளியே தூக்கி வந்து, படம் எடுத்ததும் திரும்ப உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த அம்மாளின் மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது. மரமே இல்லாத சமவெளியில், புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளைச் செங்கல்போல அடுக்கிக் கட்டிய வீடு அது.

இன்னொன்று. 1899இல் புட்சரின் வீடு எரிந்து, அந்தக் குடியேறிகளைப் பற்றிய புத்தகத்துக்காக எழுதி வைத்ததெல்லாம் போயிற்று. படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் (நெகட்டிவ்கள்) தானியக் கொட்டகையில் இருந்ததால் தப்பின. 1901இல் அந்தப் புத்தகமும் வந்துவிட்டது. அடுத்து, புட்சர் படம் பிடித்த குடியேறிகளான கிரிஸ்மன் சகோதரிகள் நால்வரின் படத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.