தக்கேதா குலத்தை அழித்தது மகனா, அப்பனா?

நெய்தல்நிலவன்:
ஜப்பானின் தக்கேதா குலத் தலைவர் ஷிங்கென் 1573-ல் கண்மூடினார். ஒன்பதே வருடத்தில், 1582-ல், குலமே இல்லை. மகன் கட்சுயோரிதான் காரணம் என்பது என் கட்சி. 1575-ல் நாகஷினோ போரில் எதிரிகளான நொபுனாகாவும் இயேயாசுவும் மரவேலி அடித்து, பின்னால் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். மோத வேண்டாம் என்று பழைய தளபதிகள் தடுத்தும் இவர் கேட்கவில்லை என்கிறது அக்காலப் போர்க்குறிப்பு. அந்தத் தளபதிகளில் யமகாட்டா மசகாகே, பாபா நொபுஹாரு, நைட்டோ மசதோயோ மூவரும் ஒரே நாளில் போனார்கள். அதற்குப் பிறகு குலத்தின் சொந்த நாடான 'காய்' நாட்டில் யார் மிச்சம்?

மலையருவி:
நண்பரே, அந்தக் குறிப்பே ஷிங்கெனின் பழைய ஆட்கள் பக்கத்திலிருந்து வந்தது. பழியை மகன் தலையில்தான் கட்டும். பெயர்களைப் பாருங்கள்: அப்பாவின் அப்பா நொபுதோரா, ஷிங்கெனின் இயற்பெயர் ஹருநொபு, மூத்த மகன் யோஷிநொபு. கட்சுயோரியின் பெயரில் மட்டும் அந்த 'நொபு' இல்லை. 'யோரி' சுவா குலத்தின் எழுத்து. 1542-ல் சுவா யோரிஷிகேவை ஒழித்துவிட்டு, அவர் மகளைச் சேர்த்துக்கொண்டார் ஷிங்கென். அவளுக்குப் பிறந்த கட்சுயோரி சுவா வீட்டுக்கு என்று வளர்ந்தவன். மூத்தவனுக்கு அண்டைக் குலமான இமகவா வீட்டுப் பெண்ணைக் கட்டிவைத்து, பிறகு அதே இமகவாவின் சுருகா நாட்டின் மீது கண் வைத்தார். எதிர்த்த மகன் 1567-ல் காவலிலேயே செத்தான். அடுத்த வருடமே படையெடுப்பு. வாரிசைத் தின்றது யார்?

நெய்தல்நிலவன்:
பெயரில் என்ன இருக்கிறது? அப்பாவால் முடியாத தகாதென்ஜின் கோட்டையை 1574-ல் இவர் பிடித்தபோது படை பின்னால் நின்றதே! கெடுத்துக்கொண்டது அவரேதான். 1578-ல் அண்டைக் குலமான உயெசுகியின் வாரிசுச் சண்டையில் ஹோஜோ வீட்டுப் பிள்ளை ககெதோராவுக்குத் துணையாகப் போனவர், எதிராளி ககேகட்சுவோடு சமாதானமானார். மனைவி பிறந்த ஹோஜோ வீடே பகையானது. 1581-ல் அதே தகாதென்ஜின் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை.

கார்த்திகைப்பூ:
ஒன்று சேர்க்கிறேன். கோட்டையில் இருந்தவர்கள் சரணடையக் கேட்டால் ஏற்காதே என்று முற்றுகையிட்ட தன் பக்கத்தாருக்குச் சொல்லியனுப்பியவர் நொபுனாகா. கட்சுயோரி கைவிட்டுவிட்டார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஷிங்கென் கடைசிவரை அகழி சூழ்ந்த மாளிகையில் இருந்தவர். மகனோ அந்த 1581-லேயே ஷின்பு கோட்டையைக் கட்டினார். மறு வசந்தத்தில் அதற்குத் தானே தீ வைத்துவிட்டு நடந்தார். படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

மலையருவி:
அந்தத் தீக்குக் காரணமான ஓட்டத்தைப் பாருங்கள். முதலில் எதிரி பக்கம் மாறிய கிசோ யோஷிமாசா, பிறகு மாறிய அனயாமா, இருவருமே ஷிங்கெனின் மாப்பிள்ளைகள். அப்பா கட்டிய சொந்தம் அவ்வளவுதான் தாங்கியது. தகாதோ கோட்டையில் கடைசிவரை சண்டை போட்டுச் செத்தவர் கட்சுயோரியின் மாற்றாந்தாய் மகன் நிஷினா மோரிநொபு. கட்சுயோரிக்குக் கீழிருந்த ஓயமாதா அவருக்கு அடைக்கலம் தருவதாகச் சொல்லி வழியை அடைத்தார். கடைசியில் தானோ என்ற ஊரில் அவர்கூட இருந்தது சில பத்துப் பேர்தான். பகையானது என்றீர்களே அந்த ஹோஜோ வீட்டுப் பெண், அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறந்த வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கணவனோடு செத்தாள்.

நெய்தல்நிலவன்:
அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு மறுபேச்சு இல்லை. மாப்பிள்ளைகள் விஷயத்தை நான் யோசித்ததும் இல்லை. ஆனால் தகாதென்ஜினில் காத்துக் கிடந்தவர்களை ஷிங்கென் விட்டிருக்க மாட்டார். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.