பொருள்: தூங்கி எழுந்த லேப்டாப்ல வைஃபை வரலை – 'ரெஸ்யூம்'க்குத் தமிழ்ல என்ன போடலாம்?

ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். க்னோம் (லினக்ஸ் கணினிகள்ல வர்ற திரை முகப்பு) உதவிப் பக்கங்கள்ல மின்சாரம் சம்பந்தமான பகுதி கிட்டத்தட்ட முடிஞ்சுது, செப்டம்பர் வெளியீட்டுல சேரணும்னா வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஃபைலை ஏத்தியாகணும், விட்டா அடுத்தது மார்ச்தான். ஒரே ஒரு பக்கம்தான் இழுத்துக்கிட்டே கிடக்கு. லேப்டாப்பை மூடி வச்சு திரும்பத் திறந்தா வைஃபை வரமாட்டேங்குதுல்ல, அதுக்கு என்ன பண்றதுன்னு சொல்ற பக்கம். சஸ்பெண்ட், ஸ்லீப் (லேப்டாப் தூங்கப் போறது), வேக், ரெஸ்யூம் (அது திரும்ப எழுறது) நாலும் அடுத்தடுத்து வருது. பழைய கோப்புல ரெஸ்யூமுக்கு 'மீள்தொடக்கம்', ரீஸ்டார்ட்டுக்கு 'மறுதொடக்கம்'னு இருக்கு. படிச்சா எனக்கே எது எதுன்னு பிடிபடலை. நல்ல சொல்லா ஒண்ணு சொல்லுங்க, சீக்கிரம்.

திண்டுக்கல் ஆசிரியை எழுதியது:

> ரெஸ்யூமுக்கு 'மீள்தொடக்கம்'

இதை முதல்ல தூக்குங்க சார். பாலிடெக்னிக்ல லேப் எடுக்கறவ நான். 'மீள்தொடக்கத்திற்குப் பின்'னு படிச்ச பையன் நேரா மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிடுவான், சேவ் பண்ணாத ரெக்கார்ட் மொத்தமும் போயிடும். அதை விடக் கஷ்டம் என்னன்னா ரீஸ்டார்ட் பண்ணினா வைஃபை வந்துடும், அதனால அதுதான் வைத்தியம்னு அவன் மனசுல பதிஞ்சுடும், ஏன் வரலைன்னு கடைசி வரைக்கும் யோசிக்கவே மாட்டான். எங்க பசங்க பல பேர் தமிழ் மீடியத்துல இருந்து வர்றவங்க, இந்தப் பக்கத்தை உண்மையாவே தமிழ்ல படிக்கப்போறது அவங்கதான். அழகான சொல் அப்புறம், முதல்ல தப்பு பண்ண வைக்காத சொல் வேணும்.

புலவர் ஐயா எழுதியது:

அன்புள்ளீர், எல்லாரும் 'உறக்கம்'தான் சொல்லப்போறீங்க, அதுக்கு முன்னாடி 'தூங்கு' என்கிற சொல்லைக் கொஞ்சம் பாருங்க. தூங்குதலுக்கு மூலப்பொருள் தொங்குதல். தூங்கணாங்குருவி தூங்குற குருவி இல்லை, தொங்குற கூடு கட்டுற குருவி. மலையாளத்துல இன்னிக்கும் தூங்குகன்னா தொங்குறது, கண்ணை மூடுறதுக்கு அவங்க உறங்குகன்னுதான் சொல்லுவாங்க. ஆங்கில சஸ்பெண்டுக்கும் லத்தீன்ல மூலம் தொங்கவிடுதல்தான்! இன்னொண்ணு, 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை' (குறள் 672). இங்க தூங்குதல்னா காலம் தாழ்த்துறது, வேலையை ஒத்திப்போடுறது. ஆக தொங்கவிடு, ஒத்திப்போடு, கண்மூடு மூணு பொருளும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. சஸ்பெண்டுக்கு 'தூங்கல்'னு போட்டா இதை விடப் பொருத்தமா இன்னொண்ணு கிடைக்காது. புதுசா எதையும் செய்ய வேண்டாம், இருக்கிறதை எடுத்துத் துடைச்சு வச்சா போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்னது சரி, அந்தச் சரியிலதான் எங்களுக்குப் பிரச்சினை. எங்கட பக்கம் தூங்குது எண்டா தொங்குது எண்டுதான் முதல்ல விளங்கும். லப்டொப் தூங்குது எண்டு எழுதினால் சனம் ஹேங் ஆகி நிக்குது எண்டு நினைச்சு பவர் பட்டனை அமத்திப் பிடிச்சிடுவினம். படுக்கிறதுக்கு நாங்கள் நித்திரை எண்டுதான் சொல்லுறது, 'நித்திரை நிலை' எண்டு போட்டால் ஒருத்தருக்கும் குழப்பம் வராது.

சென்னைத் தனித்தமிழர் எழுதியது:

நித்திரை வடசொல். அதை ஏத்துக்க முடியாது. அப்புறம் இன்னொண்ணு, தலைப்புலயே 'வைஃபை'ன்னு போட்டுட்டு மத்த சொல்லை எல்லாம் தேடிக்கிட்டிருக்கீங்களே, 'அருகலை' எங்க போச்சு? ஊடலை (புளூடூத்), அருகலை (வைஃபை), பகிரலை (ஹாட்ஸ்பாட்)ன்னு ஒரே குடும்பமா அழகான சொற்கள், ஊர் முழுக்க வாட்ஸ்அப்ல சுத்தியாச்சு, நாமளே புழங்கலைன்னா வேற யார் புழங்குவா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

வடசொல்லோ தென்சொல்லோ, அம்மம்மா சொல்லித் தந்த சொல் அண்ணை. அதைத் தமிழ் இல்லை எண்டு நீங்கள் சொல்லேலாது.

புலவர் ஐயா எழுதியது:

அருகலை பத்தி ஒரு வார்த்தை. அருகு கூட்டல் அலைன்னு நீங்க பிரிக்கிறீங்க. ஆனா 'அருகல்'னு ஒரு தொழிற்பெயர் ஏற்கெனவே இருக்கு, குறைதல்னு பொருள், புலி அருகி வருதுன்னு சொல்றோம்ல அதே வேர். அதோட இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தா 'அருகலை', அதாவது குறைதலை. ஊடலையும் அப்படித்தான், ஊடல் கூட்டல் ஐ. 'ஊடலை நிறுத்து'ன்னு திரையில பொத்தான் வந்தா எப்படிப் படிப்பீங்க? அலைன்னு முடிகிற எல்லாச் சொல்லுக்கும் இந்த இடைஞ்சல் உண்டு. அதுக்கு 'வைஃபை'யே தேவலை, வேற்றுமை உருபு அதுல சிக்காது.

சென்னைத் தனித்தமிழர் எழுதியது:

ஐயா, இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழனுக்குத் தெரியும். 'கடலை'ங்கிறது கடல் கூட்டல் ஐயா, வறுத்துத் திங்கிற கடலையான்னு யாரும் நின்னு யோசிக்கிறதில்லை.

ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

வைஃபை சொல்லைத் தனி இழையில பேசலாம், தயவுசெஞ்சு. இன்னிக்கு வியாழன்.

கெர்னல் தம்பி எழுதியது:

அண்ணா, அக்கா, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். சொல்லை முடிவு பண்றதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை பார்த்துட்டா வேலை சுலபம்னு தோணுது. எஸ்3ன்னு சொல்ற தூக்கத்துல ரேமுக்கு மட்டும்தான் கரண்ட் போயிக்கிட்டிருக்கும், திறந்து வச்ச ஃபைல் எல்லாம் அதுல அப்படியே நிக்கும். வைஃபை கார்டுக்குக் கரண்ட் நின்னா அதுக்குள்ள ஏத்தி வச்சிருந்த ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே ஓடுற சின்ன மென்பொருள்) போயிடும். மூடியைத் திறந்ததும் ப்ராசசர் எழுந்துடுது, திரை வந்துடுது, ஆனா கார்டு தானா எழாது, டிரைவர் (கார்டை இயக்குற மென்பொருள், தமிழ்ல 'இயக்கி') போய் அதைத் தட்டி ஃபர்ம்வேரை மறுபடி ஏத்தி ரேடியோவை ஆன் பண்ணணும். டிரைவர் இந்த வேலையைச் சரியாப் பண்ணலைன்னா கார்டு லிஸ்ட்ல தெரியும், ஆனா ஒரு நெட்வொர்க் கூடக் காட்டாது. அதனாலதான் முதல்ல ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுங்கன்னு சொல்றது, அதுலயும் சரியாகலைன்னா டிரைவர் மாட்யூலைக் கெர்னல்ல இருந்து இறக்கி மறுபடி ஏத்தணும், இன்டெல் கார்டா இருந்தா அந்த மாட்யூல் பேரு ஐடபிள்யூஎல்வைஃபை. உபுண்டுல இன்னொண்ணும் பார்க்கணும், நெட்வொர்க்மேனேஜர் செட்டிங் ஃபைல்ல வைஃபை பவர்சேவுக்கு எதிரே 3ன்னு இருக்கும், அதை 2 ஆக்கினா கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கிறதை நிறுத்திடும், இணைப்பு அடிக்கடி அறுந்துபோற சில கார்டுகளுக்கு இதுவே போதும். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல கார்டோட பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல ஒரு டிக்கை எடுக்கச் சொல்லுவாங்க, அதுவும் கிட்டத்தட்ட இதே சங்கதி, ஆனா எஸ்3க்குப் பதிலா மாடர்ன் ஸ்டேண்ட்பைங்கிற வேற வகைத் தூக்கம் இருக்கிற புது மெஷின்கள் பலதுல அந்தப் பக்கமே தெரியாது.

நான் சொல்ல வர்றது, இங்க ரெண்டு வேலை இருக்கு. கம்ப்யூட்டர் எழுறது ஒண்ணு, டிரைவர் கார்டை எழுப்புறது இன்னொண்ணு. பிரச்சினை ரெண்டாவதுல. 'ரெஸ்யூம்'னு ஒரே சொல்லைப் போட்டு மூடிட்டா இந்த வித்தியாசம் காணாமப் போயிடும்.

திண்டுக்கல் ஆசிரியை எழுதியது:

தம்பி சொன்னதுதான் சரி, இது தன்வினை பிறவினைதானே! விழி, எழுப்பு. தமிழ்ல இதுக்குத் தனித்தனியா வினை இருக்கு, நமக்கு வேற என்ன வேணும். 'கணினி விழித்துவிட்டது, ஆனால் இயக்கி வைஃபை அட்டையை எழுப்பவில்லை'ன்னு எழுதினா பிரச்சினை என்னன்னு அந்த ஒரு வாக்கியத்துலயே வந்துடுது. விளக்கமே தேவையில்லை.

புலவர் ஐயா எழுதியது:

அம்மா, அருமை. பிறவினை வேணும்னு வந்துட்டா தொல்காப்பியர் முன்னமே செஞ்சு வச்சிருக்கார். புறத்திணையியல், பாடாண் திணை (அரசனைப் புகழ்ந்து பாடுற பகுதி): 'கிடந்தோர்க்குச் சூதர் ஏத்திய துயிலெடை நிலையும்'. உறங்குற அரசனைச் சூதர் பாடி எழுப்புறது துயிலெடை. அதே பாடாண் பகுதியில 'கண்படை நிலை'யும் இருக்கு, அரசன் கண்துயிலப் போறது. கண்படை, துயிலெடை, ஜோடியாவே இருக்கு பாருங்க! ஸ்லீப் கண்படை, வேக் துயிலெடை. இன்னும் ஒரு படி மேல போறேன், சூதர் யார்? பாடுறவங்க மட்டும் இல்லை, வடமொழி வழக்குல தேரோட்டியும் சூதன்தான், கர்ணனைச் சூதபுத்திரன்னு சொன்னது தேரோட்டி வளர்த்த பிள்ளைங்கிறதால. தேரோட்டின்னா டிரைவர். டிரைவர் கார்டை எழுப்புறது, சூதர் அரசனை எழுப்புறது. அவ்வளவு பழைய சொல் இந்த வேலைக்குன்னே காத்திருந்த மாதிரி இருக்கு.

சென்னைத் தனித்தமிழர் எழுதியது:

துயிலெடைக்கு என் முழு ஆதரவு. (சூதர் வேண்டாம், 'இயக்கி'யே இருக்கட்டும்.)

திண்டுக்கல் ஆசிரியை எழுதியது:

ஐயா, கோவிச்சுக்காதீங்க. நேத்து முதலாமாண்டு வகுப்புல ரெண்டு விதமாவும் போர்டுல எழுதிப் போட்டேன். 'துயிலெடைக்குப் பின் இணைப்பு இல்லை'ன்னு படிச்சதும் ஒரு பொண்ணு, "எடைன்னா வெயிட்டா மேடம், லேப்டாப் வெயிட்டுக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டா. விளையாட்டுக்குக் கேட்கலை, நிஜமாவே புரியாம கேட்டா. 'உறக்கத்திலிருந்து விழித்தபின்'னு எழுதினதுக்கு யாரும் எதுவும் கேட்கலை, பேசாம அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. உதவிப் பக்கத்துல எனக்கு அதுதான் வேணும். அரும்பொருள் சொல்லித்தர்ற வகுப்புல துயிலெடையை நானே ஆசையா நடத்துவேன், வைஃபை போன நேரத்துல அதைப் படிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. இலக்கியச் சான்று வேணும்னா குறள் 339, 'உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு'. உறங்கு, விழி ரெண்டையும் வள்ளுவரே சேர்த்து வச்சிருக்கார், எல்லாருக்கும் புரியவும் செய்யுது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

உறக்கம் எண்டால் நாங்களும் விளங்கிக்கொள்ளுவம், பேச்சில இல்லை, எழுத்தில இருக்கு. நித்திரையை விட்டுத்தாறன். தூங்கல் மட்டும் வேண்டாம்.

புலவர் ஐயா எழுதியது:

புரியலைன்னு ஒரு சொல்லைத் தள்ளிக்கிட்டே போனா, புரியிற சொற்கள் மட்டும் மிஞ்சி மொழி சிறுத்துப் போகும் அம்மா. 'கணினி'யும் முதல்ல யாருக்கும் புரியலை. சொல்லிச் சொல்லித்தான் புரிஞ்சுது. ஒரு தலைமுறை பொறுத்தா துயிலெடையும் அப்படித்தான்.

கெர்னல் தம்பி எழுதியது:

ஐயா, கணினி புதுப் பொருளுக்குப் புதுச்சொல், பழகித்தான் ஆகணும். ஆனா எழுப்புறது தினமும் வீட்டுல நடக்குற வேலை, அதுக்குச் சொல் இருக்கையில வேற ஒண்ணைப் பழகச் சொல்றது சரியாப் படலை.

ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

சனிக்கிழமை ராத்திரி ஆயிடுச்சு, முடிச்சுக்கறேன். ஸ்லீப், சஸ்பெண்ட் ரெண்டுக்கும் 'உறக்கம்', வேக்கும் ரெஸ்யூமும் கம்ப்யூட்டருக்கு வந்தா 'விழித்தல்', டிரைவர் கார்டுக்குச் செய்யுறதா வந்தா 'எழுப்பு', ரீஸ்டார்ட் 'மறுதொடக்கம்' அப்படியே இருக்கட்டும், 'மீள்தொடக்கம்' எங்க இருந்தாலும் எடுத்துடுறேன். வைஃபை வைஃபையாவே போகுது. ஆசிரியை அக்கா, தம்பி, யாழ்ப்பாணத்து நண்பர் மூணு பேரும் சரின்னுட்டாங்க, மத்தவங்க பேசலை, பேசாததைச் சம்மதமா எடுத்துக்கறேன். ஃபைல் காலையில போயிடும்.

சென்னைத் தனித்தமிழர் எழுதியது:

நான் பேசினேன், சம்மதம் இல்லை. 'அருகலை' இழையை யார் தொடங்குறது?

புலவர் ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுறேன். துயிலெடையைக் கலைச்சொல் பட்டியல்ல மாற்றுச்சொல்லாவாவது சேர்த்து வையுங்க, நான் இன்னும் விடலை. 'எழுப்பு'ன்னா கட்டடம் எழுப்புறது, ஓசை எழுப்புறதுன்னு பல பொருள் வருதே, அதுக்கு யாரும் பதில் சொல்லலை.

திண்டுக்கல் ஆசிரியை எழுதியது:

அடுத்த பக்கத்துல ஹைபர்நேட் வருது சார். அங்க ரேமுக்கும் கரண்ட் இல்லை, எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதி வச்சுட்டு மொத்தமா அணைஞ்சுடுது, அதையும் 'உறக்கம்'னு சொல்ல முடியாது. 'ஆழ்உறக்கம்'னு போட்டா எஸ்3லயே ஆழமான ஒண்ணுன்னு பசங்க நினைப்பாங்க. வேற ஏதாவது தோணுதா?