பஸ் வேகமெடுப்பதையும் தலை சாய்வதையும் உட்காது எப்படிப் பிரித்தறிகிறது?

கேள்வி (பிளஸ் டூ மாணவி):
தலை சாய்வதை உட்காதில் யூட்ரிக்கிள் என்ற சிறு பையில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் உணர்த்துகின்றன என்று படித்தேன். பஸ் சட்டென்று வேகமெடுத்தாலும் அதே துகள்கள்தான் பின்னுக்குப் போகுமாம். அப்படியானால் அங்குள்ள மயிர்ச் செல்லுக்கு வித்தியாசம் எப்படித் தெரிகிறது?

பதில் 1 (உடலியங்கியல் ஆசிரியர்):
தெரியாதும்மா. மயிர்ச் செல்லுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தன் தலையிலுள்ள மயிர்க்கற்றை எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்தது என்பது. அந்த மயிர்கள் குட்டையிலிருந்து நெட்டையாகப் படிப்படியாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியும் அடுத்த நெட்டை மயிரோடு ஒரு மெல்லிய புரத இழையால் கட்டப்பட்டிருக்கிறது. நெட்டைப் பக்கம் வளைந்தால் இழை இறுகி, அயனிக் கால்வாய் திறந்து, பொட்டாசியம் உள்ளே பாயும். மற்ற செல்களில் பொட்டாசியம் வெளியேதானே போகும் என்று கேட்பீர்கள். மயிர்கள் மூழ்கியிருக்கும் எண்டோலிம்ப் திரவத்தில் பொட்டாசியம் மிக அதிகம், அதனால்தான் இங்கே தலைகீழ். பிறகு கால்சியம் நுழையும், நரம்புக்குச் செய்தி கடத்தும் குளூட்டமேட் சுரக்கும், நரம்பின் துடிப்பு கூடும். எதிர்ப்பக்கம் வளைந்தால் துடிப்பு குறையும். குறைவதற்கு இடம் இருக்க வேண்டுமே! குரங்குகளில் அளந்தபோது, தலை அசையாத நிலையிலேயே அரைவட்டக் குழல் (தலை சுழல்வதை உணரும் உட்காதுப் பகுதி) நரம்புகள் நொடிக்குச் சராசரியாக 90 முறை துடித்தன.

பஸ் நொடிக்கு நொடி 1 மீட்டர் வேகம் கூடினால் துகள்களை இழுக்கும் மொத்த விசை பின்னுக்குச் சாயும் கோணம் சுமார் 6 டிகிரி. தலையை 6 டிகிரி பின்னால் சாய்த்தாலும் ஏறக்குறைய அதேதான். யூட்ரிக்கிளை மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. பிரித்தறிவது மூளை. சாய்ந்தால் தலை சுழன்றிருக்கும், அரைவட்டக் குழலிலிருந்து செய்தி வரும். பஸ் மட்டும் வேகமெடுத்தால் குழல் பேசாமல் இருக்கும். கண்ணும் கழுத்துத் தசைகளும் சாட்சி சொல்லும்.

பதில் 2 (விமானத் துறை):
வேகம் கூடுவது நீடித்தால் இந்த ஏற்பாடு தோற்றுவிடும். இரவில், அடிவானம் தெரியாமல் விமானம் மேலெழும்போது, அதன் மூக்கு அளவுக்கு மீறி மேலே போவதாக விமானிக்குத் தோன்றும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தினால் விமானம் தரையில் மோதலாம். அதனால்தான் உடம்பை நம்பாதே, கருவியை நம்பு என்று திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். படுக்கையில் புரண்டால் மட்டும் சிலருக்குக் கிறுகிறுவென்று வருவதும் இதனாலா?

பதில் 3 (காது மூக்கு தொண்டைப் பிரிவு):
அதே துகள்கள்தான், ஆனால் இடம் மாறியவை. குழலுக்குள் இருக்கும் ஜெல் தடுப்பான கூப்புலாவுக்கும் சுற்றியுள்ள திரவத்துக்கும் அடர்த்தி ஒன்றே. அதனால் குழலுக்குப் புவியீர்ப்பு தெரியாது, சுழற்சி மட்டுமே தெரியும். யூட்ரிக்கிளிலிருந்து கழன்ற துகள்கள், பெரும்பாலும் பின்குழலுக்குள், விழுந்துவிட்டால் படுக்கும்போது அவை உருண்டு திரவத்தை இழுக்கும். தலை நின்றபிறகும் சுழல்வதாகச் செய்தி போகும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

மாத்திரை துகளை நகர்த்தாது. எப்லி முறை நகர்த்தும். வலது காதில் என்றால்: உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே மல்லாந்து, தலை விளிம்புக்குக் கீழே 20 டிகிரி தொங்கும்படி படுக்க வேண்டும். அடுத்து தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும். பிறகு உடம்போடு இடப்பக்கம் உருண்டு முகம் தரையைப் பார்க்க வேண்டும். கடைசியில் மெதுவாக எழ வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 30 முதல் 60 நொடி, அல்லது கண்மணி தானாகத் துள்ளி அசைவது நிற்கும்வரை. நடுவில் தலையைத் தூக்கினால் துகள் திரும்பி வந்துவிடலாம். எந்தக் காது, எந்தக் குழல் என்பதை மருத்துவர் முதலில் உறுதிசெய்ய வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தாங்களாகச் செய்யக் கூடாது. சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் மரத்தல் இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.