புதுப்பிப்பு: டோக்கியோவில் சுஷி சாப்பிட்டாயிற்று

டோக்கியோவில் உயர்தர சுஷிக்கு (சோற்றின் மேல் மீன் வைத்துத் தரும் ஜப்பானிய உணவு) எங்கே போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா, போய்விட்டு வந்துவிட்டேன். பலரும் சொன்ன சுக்கியாபாஷி ஜிரோ என்ற பிரபல சுஷி உணவகம் நடக்கவில்லை; பொதுமக்கள் முன்பதிவு செய்ய முடியாது என்பதால் 2019-லேயே உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் கையேடு அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடைசியில் ஹோட்டல் வரவேற்பில் சொல்லி, டோக்கியோவின் கின்சா பகுதியில் எட்டே இருக்கை உள்ள ஒரு கடையில் மதிய ஒமகாசே (என்ன தருவது என்பதைச் சமையற்காரரே முடிவுசெய்யும் சாப்பாடு) பிடித்தேன். இரவு விலையில் பாதிகூட ஆகவில்லை. சோயா சாஸைச் சமையற்காரரே தூரிகையால் தடவித் தருகிறார், சோறு உடம்புச் சூட்டில் இருக்கிறது, வைத்த கையோடு வாயில் போட்டுவிட வேண்டும். நான் போட்டோ எடுக்கப் போக, மனிதர் முறைத்தார், நியாயம்தான். அப்புறம், ஞாயிறும் சில புதன்களும் டோக்கியோவின் தொயோசு மீன் சந்தை விடுமுறை, அன்று பல சுஷி கடைகள் மூடியிருக்கும். சென்ட் போடாமல் போங்கள்.